வேம்படிச் சூலமும் கேட்காமல் விட்ட கேள்வியும்

"மிஸ், குலநாதன் ஐயா மவுத்தாகிட்டாராம். உங்களுக்குத் தெரியுமா?"

தொலைபேசியில் அழுதுகொண்டு இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னவர் றகுமத்தும்மா. யுத்தகாலத்தில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த ஒரு காணி வழக்கில் அவர் என் கட்சிக்காரர். சட்டத்தரணி குலநாதன் அவருக்கு எதிராக வாதாடியவர். தன்னை வீட்டைவிட்டு எழுப்ப வந்தவருக்காக ஒரு மனுசி இப்படி அழுவதை வேறு ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். இன்று அவரை நினைவுகூரக் கூடியிருக்கும், குலநாதனை அறிந்த நீங்கள் நம்புவீர்கள்.

நானும் அவரும் ஒரே வருடம் சட்டத்தரணிகளாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள். அன்றிலிருந்து பெரும்பாலும் எதிரெதிர் மேசைதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு அது எங்கே இருந்ததென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வளவில் விழுகிற வழக்கென்றால் மழை நாளாகப் பார்த்து அந்த வீட்டுக்கே போய் நனைந்துவிட்டு வருவார். பிறகு நான் கத்தி முடியும்வரை தலையாட்டிக்கொண்டிருப்பார். "கத்துங்கோ, கத்துங்கோ. நீதிபதி ஐயாவுக்கு நித்திரை வராமல் இருக்கும்" என்று வெளியே வந்து பகிடி விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மூதூரிலிருந்து கடலால் வரும் லோஞ்சைக் கடற்படையினர் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அதில்தான் வரவேண்டும். வழக்கைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. ஒருதலையாகத் தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்க குலநாதனுக்கு முழு உரிமையும் இருந்தது. அவர் எழுந்து, லோஞ்ச் இன்னும் வரவில்லை, விறாந்தையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், இந்த வழக்கைக் கடைசியாக எடுக்கலாம் என்றார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "லோஞ்ச் வராததால வெல்லுறதில என்ர கெட்டித்தனம் எங்க இருக்கு?" என்றார்.

இனி றகுமத்தும்மாவின் வழக்கு. சீனன்குடாவில் வேலை பார்த்த வேலாயுதம் என்பவர் கலவரத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். கதவில்லாமல் கிடந்த அவருடைய வீட்டில், மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த றகுமத்தும்மா பிள்ளைகளோடு ஒதுங்கினார். கூரையைத் திருத்தினார், கிணற்றை இறைத்தார், அங்கேயே பிள்ளைகளை வளர்த்தார். வேலாயுதம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து வீட்டைக் கேட்டார். றகுமத்தும்மாவுக்குப் போக வேறு இடமில்லை. வேலாயுதத்துக்கும் இல்லை.

பத்து வருடத்துக்குமேல் ஒருவர் ஒரு காணியைத் தன்னுடையதாகவே நினைத்து, வேறெவருடைய உரிமையையும் ஒப்புக்கொள்ளாமல் ஆண்டால், அது அவருக்கே சேரும் என்பது எங்கள் சட்டம். பத்து வருடம் கடந்திருந்தது. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வெல்வேன் என்றுதான் நினைத்தேன்.

றகுமத்தும்மா சாட்சிக் கூட்டில் ஏறினார். குலநாதன் வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"பின்வளவில, வேம்புக்குக் கீழ ஒரு வைரவர் சூலம் நிக்குது. இவ்வளவு காலமும் ஏனம்மா அதைப் பிடுங்கேல்ல?"

"அதென்ன கேள்வி ஐயா? அது அவங்கட சாமி. திரும்பி வந்தாங்கண்டா தேடுவாங்கதானே. புள்ளைகளையும் அங்க விளையாட விடல்ல. நாந்தான் கூட்டித் துப்புரவா வெச்சிருந்த."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் வருவார், வந்து தேடுவார் என்று என் கட்சிக்காரரே சொல்லிவிட்டார். காணி வேலாயுதத்துடையதுதான் என்பதற்கு இதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்? "அப்ப இது அவையின்ர காணி எண்டு தெரிஞ்சுதானே இருந்தனீங்கள்?" என்ற அடுத்த கேள்வி எவருக்கும் வாயில் வரும். குலநாதனுக்கு வரவில்லை. "வேறு கேள்விகள் இல்லை" என்று கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, சமரசம் பேச நேரம் கேட்டார்.

விறாந்தையில் வேலாயுதம் குரலை உயர்த்தியது எனக்குக் கேட்டது. "வெண்ட வழக்கை ஏன் ஐயா விடச் சொல்றியள்?"

"சூலத்தைப் பிடுங்கி எறிஞ்சிட்டன் எண்டு அவ ஒரு பொய் சொல்லியிருந்தா, நாங்கள் தோத்திருக்கலாம். அவ சொன்ன உண்மையாலதான் உங்களுக்கு வீடு வருது. அதே உண்மையால அவவ றோட்டில விடப்போறியளோ?"

வேலாயுதத்தின் குரல் இறங்கியது. "வேம்படி துப்புரவாத்தான் இருந்தது ஐயா. பாத்தனான்" என்றார் கடைசியில்.

வீடும் வேம்பும் வேலாயுதத்துக்கு. வளவின் மற்றப் பாதி, தனியாகப் போய்வர ஒரு படலையோடு, றகுமத்தும்மாவுக்கு. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. றகுமத்தும்மா தன் பாதியில் ஒரு கொட்டில் போடும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். நீதிபதி நிபந்தனைகளை உரத்து வாசித்துப் பதிந்தார், இருவரும் கையெழுத்து வைத்தார்கள். அந்த அடுத்த கேள்வியை ஏன் விட்டீர்கள் என்று குலநாதனிடம் கேட்டேன். "கேட்டிருந்தா, உண்மை சொன்னதுக்காக அந்த மனுசி எல்லாருக்கும் முன்னால தலைகுனிய வேண்டி வந்திருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து றகுமத்தும்மா, "மிஸ் வெண்டு தந்த காணி" என்றே ஊரெல்லாம் சொல்லிவந்தார். நான் மறுக்கவில்லை. "இருக்கட்டும், எனக்கு எதிரா உங்களுக்கு வேற வெற்றி எங்க கிடக்கு?" என்று குலநாதனும் சிரித்தார்.

செத்தவீட்டிலும் றகுமத்தும்மா அதையேதான் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குலநாதன் கண்மூடிக் கிடந்த வீட்டில் அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. றகுமத்தும்மாவை வாசலுக்குக் கூட்டிவந்து, அந்த வழக்கில் நாங்கள் தோற்றோம், சூலத்தைப் பற்றி நீங்கள் சொன்ன பதிலால்தான் தோற்றோம் என்று சொன்னேன்.

அவர் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "தெரியும் மிஸ். அண்டைக்கு உங்கட முகத்தப் பாத்தே விளங்கிச்சு. உங்களுக்கு மனசு நோகுமெண்டுதான் அப்பிடிச் சொல்லிக்கிட்டு வந்த." பிறகு, "ஆனா மிஸ், அந்தக் கேள்விக்கு வேற என்னத்தச் சொல்லுற?" என்றார்.

குலநாதனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கேட்காமல் விட்ட கேள்விதான். இப்போதும் ஒரு சாட்சி கள்ளமில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டால், என் நாக்கு அடுத்த கேள்விக்குத் துடிக்கும். கதிரையை இழுத்து இருந்துவிடுகிறேன். பழக்கத்தில் எதிர் மேசையைப் பார்க்கிறேன். அங்கே நீங்கள் இல்லை, குலநாதன். கத்துவதற்கும் எனக்கு மனம் வருகுதில்லை.