ஐந்து மணிக்கு ஆள் மாற்றம்

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் வரும் அந்தக் காட்டமான வாடை பட்டதும், இப்போதும் சட்டென்று மூடிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் அப்பா, அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய வெள்ளைப் பலகை ஒன்றை உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து, பால் காய்ச்சுவதிலிருந்து பிள்ளைகளைத் தூங்கவைப்பதுவரை கட்டம் கட்டி எழுதி மாட்டிவிட்டார். தெருவே சிரித்தது, எனக்கோ பெருமை தாங்கவில்லை, எட்டு வயதிலேயே அதில் என் பெயருக்கும் ஒரு கட்டம் இருந்ததே!

நான்கிலிருந்து ஐந்துவரை இரண்டு வயதுத் தங்கை மலரைப் பார்த்துக்கொள்வது என் "ஷிப்ட்". ஐந்து மணிக்கு, தையல் வேலை முடிந்து ஏரிக்கரை வேப்பமரத்தடியில் பஸ்ஸைவிட்டு இறங்கும் அம்மாவிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, அப்படியே நான் டியூஷனுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்கு வந்து ஆள் மாற்றினால் பத்து நிமிஷம் வீணாம். "ரிலீவர் வராம எடத்த வுட்டு நவுரக் கூடாது, இன்னா?" என்று அப்பா விரலை ஆட்டிச் சொல்வார். கம்பெனியில் அடுத்த ஷிப்டுக்கு வந்து மாற்றிவிடுகிற ஆள்தான் ரிலீவர்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் பஸ் வரவில்லை, மழை வந்தது. சாதாரண மழையா அது! மலரைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்ற எனக்கு, முன்னாலிருந்த ஏரியே கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியக்கா தலையில் சாக்குப்பையோடு ஓடிவந்து, "அடியே, கொயந்த வெறச்சிக்கினு கீது, இப்டி குட்றீ!" என்று கையை நீட்டினார். நான் தரவில்லை. பலகையில் அவர் பெயர் இல்லையே. பிடுங்கப் பார்த்தவரின் கையைக் கடித்தும்விட்டேன். அவர் யாரையாவது கூப்பிட ஊருக்குள் ஓடினார்.

அவர் திரும்பும் முன்பே, வேலை முடிந்து அந்த வழியாக வந்த அப்பாவின் வண்டி எங்களருகில் நின்றபோது, மலரின் உதடு நீலம் பாரித்து, அழுகையும் நின்றுபோயிருந்தது.

"இன்னாடி இது? ஏன்டி வூட்டுக்கு ஓடல?"

"ரிலீவர் வரல நைனா," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அப்பா குழந்தையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே, மலர் மறுபடி வீறிட்டு அழும்வரை, சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் தேம்பியதைப் பார்த்து நான் ஆடிப்போய்விட்டேன். சொன்னபடிதானே செய்தேன், பின் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. மறுநாள் பலகை வீட்டில் இல்லை.

சாலையை அகலப்படுத்தியதில் அந்த வேப்பமரமும் போயிற்று. கடி வாங்கியும் என்மேல் கோபம் வைக்காத செல்வியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நானோ சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலைகளுக்குத் திட்டம் போட்டுக்கொடுப்பவள். போன மாதம் ஏழு வயது மகளுக்கும் மணிவாரியாக அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன், கொஞ்சமும் உறைக்காமல்! பார்க்க வந்த அப்பா அதைப் படித்தார். பேத்தியின் கலர் பென்சிலை வாங்கி, எல்லாக் கட்டங்களுக்கும் குறுக்கே பெரிதாக எழுதினார்: "பயமா இருந்தா இதப் பாக்காத கண்ணு. ஓடியாந்துடு."