ஒரு புள்ளடியில் போன நாற்காலி

அப்பாவுக்குப் பிரதேச சபையில் ஒரு நாற்காலி வேண்டும் என்ற ஆசை தொண்ணூறுகளில் பிடித்தது. அப்போது அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். ஓப்பநாயக்கப் பக்கத்தில், சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள் உள்ள எங்கள் சின்னத் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் சபைக்குப் போனதில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும் ரோட்டுக்குத் தார் போட வைக்காமல் ஓயமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளை அந்த ரோட்டில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் அவருடைய அலட்டல் தாங்க முடியாவிட்டாலும், அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

போட்டி வேறு கட்சியோடு இல்லை. கட்சிக்குக் கிடைக்கிற கடைசி நாற்காலிக்கு அப்பாவும், அதே பட்டியலில் நின்ற டவுன் கடை முதலாளியும் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சின்னம். அதற்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டபின், வாக்குச் சீட்டில் உள்ள நம்பர்களில் நமக்குப் பிடித்த ஆளின் நம்பருக்கும் போட வேண்டும். இந்த விருப்பு வாக்கை மனாப்பே என்பார்கள். முதலாளி நாலு, அப்பா பதினொன்று.

அப்பா சிங்களக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி, "மகே அங்கய எகொளஹ" என்று தன் பதினொன்றாம் நம்பரைச் சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டார். தோட்டத்தில் பிரசாரமே தேவையில்லை என்பது அவர் நினைப்பு. கடைசியில் போனால் போகிறதென்று லயத்து வாசலில் பெண்களைக் கூட்டினார்.

"பேரத் தேடாதீங்க, சீட்டுல பேரு இருக்காது. சின்னத்துக்கு ஒரு புள்ளடி, நம்பருக்கு ஒரு புள்ளடி. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க தலைவரே" என்றார்கள். அம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"எந்த நம்பருன்னு சொல்லுங்கப்பா" என்றேன்.

"கல்லு பாறையெல்லாம் சுண்ணாம்புல எழுதி வச்சிருக்கேன். இன்னும் என்னத்தச் சொல்ல?" என்று என் வாயை அடைத்தார்.

அப்பா ஒரே ஒரு புள்ளடியில் தோற்றார். திரும்ப எண்ண வைத்தார், அப்போதும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்தவர், சபைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் துரோகியைத் தேடத் தொடங்கினார். முதலாளி கடையில் கடன் சொல்லிக் குடிக்கிற மாமா மீது பழி விழுந்தது. மாமா சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்று கோயிலுக்கே கிளம்பிவிட்டார்.

அம்மா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க போட்டேன். சின்னத்துக்கு ஒண்ணு, என் நம்பருக்கு ஒண்ணு."

"ஒன் நம்பரா?"

"ஆமாங்க. நாலு."

காலையில் வேலைக்குப் பெரட்டில் பேர் பதியும்போதும் கொழுந்து நிறுக்கும்போதும் கணக்கப்பிள்ளை நம்பர் கேட்டால், அவரவர் சம்பளப் பதிவேட்டில் உள்ள தம் செக்ரோல் நம்பரைத்தான் சொல்வார்கள். அம்மா நாலு. எழுத்து தெரியாவிட்டாலும் அந்த ஒன்றை எங்கே கண்டாலும் கண்டுபிடிப்பாள். சீட்டில் அதைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டதாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நூற்றுச் சொச்சம். அது சீட்டிலேயே இல்லாததால், பாவம், சின்னத்துக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தாராம்.

அப்பா அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நாலாம் நம்பருதான் ஜெயிச்சிருச்சுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

அப்பா தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

"ஜெயிச்சிருச்சு. இனி ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி ஒங்கிட்டதான் மனு குடுக்கணும்."