இல்லாத தாடை

பரமசிவம் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் பெட்டி தூக்கியே காலம் கழித்தவர். தூக்கும்போதெல்லாம் வாயில் புகையிலை இருக்கும். 2006இல் வாயில் புற்று வந்து அவருடைய இடது தாடையை வெட்டி எடுத்தார்கள். கதிர் சிகிச்சை மட்டும் பாக்கி.

அந்தச் சிகிச்சைக்கான சாஃப்ட்வேரைத்தான் விமான் நகரில் அவர் மகள் சுஷ்மாவின் கம்பெனி செய்துகொண்டிருந்தது. கதிர் எங்கே பாய வேண்டும், எந்த எலும்பை விட்டு விலக வேண்டும் என்று டாக்டர்கள் ஸ்கேன் படத்தில் கோடு போடுவார்கள். அந்தப் படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், புதிய படத்தில் கம்ப்யூட்டரே கோடு போடும். படங்களைப் பொறுக்கித் தருவது சுஷ்மாவின் வேலை. தாடை வெட்டப்பட்டவர்களின் படங்களை ஒதுக்கிவிடு என்பது மேலாளர் கேஷவின் உத்தரவு. அவளும் யோசிக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் ஸ்கேனைப் பார்த்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. நேராகக் கேஷவிடம் போனாள்.

“அந்தப் படங்களையும் சேர்க்கணும் கேஷவ். இந்த ஊர் ஆஸ்பத்திரியில பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க.”

“சேர்த்தா மிஷினோட துல்லிய ஸ்கோர் விழும். டேட்டா சுத்தமா இருக்கணும்.”

“எங்கப்பா அசுத்தமா?”

“அரே, பர்சனலா எடுத்துக்காதே.”

சுத்தம் என்ற சொல்லை வைத்து மனிதர்களை வெளியே நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. இப்போது அதைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

அப்பாவுக்குச் சிகிச்சை நடக்கவிருந்த ஆஸ்பத்திரிக்கே அந்த சாஃப்ட்வேரை விற்பதாக இருந்தார்கள். அங்கே செய்து காட்டுவதற்கு முந்தின நாள் அவள் அப்பாவிடம் கேட்டாள்: “உன் படத்தை அங்க போட்டுக் காட்டட்டுமாப்பா?”

“காட்டும்மா. என்னை இன்னா கட்டிக்கவா போறாங்க?” குழறலாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் கேஷவ் அழகான படங்களாகக் காட்டி முடித்ததும், சுஷ்மா எழுந்து அப்பாவின் படத்தைத் திறந்தாள். யந்திரம் தயங்கவே இல்லை. வெட்டி எடுத்த பக்கத்தில், வெறும் சதையின் மேல், முழுத் தாடை ஒன்றை வழவழவென்று வரைந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் கதிர் சிகிச்சை டாக்டர் பானவல்கர் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். “இல்லாத எலும்பைக் காப்பாத்தறதா நெனச்சு, புற்று இருந்த இடத்துக்கே கதிரைக் குறைக்கச் சொல்லுது. யாரைக் காட்டி இதைப் பழக்கினீங்க?”

“தாடை வெட்டினவங்க படங்களை ஒதுக்கிட்டோம் டாக்டர்,” என்றாள் சுஷ்மா.

“ஒதுக்கின படங்களையும் சேர்த்துப் பழக்கிட்டு வாங்க. இவருக்கு நானே கையால கோடு போடறேன்.”

காரில் ஏறியதும் கேஷவ் கத்தினான். “உங்கப்பா ஒருத்தருக்காக மொத்த டீலும் போச்சு.”

“ஒருத்தரா? நான் ஒதுக்கினதைத் திறந்து பாருங்க.”

திறந்தார்கள், படங்களைச் சேர்த்தார்கள், ஸ்கோர் விழுந்தது. நோயாளியின் முகம் சொன்னபோது காதில் ஏறாதது, வாங்குகிறவர் மறுத்ததும் ஏறிவிட்டது. இதை மனமாற்றம் என்று எப்படிச் சொல்வது? சுஷ்மா சொல்லவில்லை. அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வும் இல்லை.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த அன்று மாலை அவள் நடந்ததைச் சொன்னபோது பரமசிவம் கன்னத்தின் பள்ளத்தைத் தடவிக்கொண்டார்.

“டாக்டர் எடுத்தத உங்க மிஷினு திருப்பிக் குடுத்துச்சா? அப்ப நாளைக்கு எனக்கு முறுக்கு வாங்கியாந்துடு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மிக்சியில் அவருக்கான கஞ்சியை அடிக்கப் போனாள்.