சௌந்திரம் வேண்டாம் என்ற சீர்

நாமக்கல் பக்கம் சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் முதலில் கவனிக்கப்படுவது கோழிகள்தான். மனிதர்கள் அப்புறம். குணசீலனின் பண்ணையிலும் அந்த முறை தவறியதில்லை. தொட்டித் தண்ணீர் சூடானால் கோழி குடிக்காது, குடிக்காவிட்டால் தீவனம் எடுக்காது, முட்டை குறைந்துவிடும். அதனால் பண்ணைத் தொட்டிக்கு மேலே கீற்றுப் பந்தல், தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு, குழாய்களெல்லாம் கொட்டகை நிழலுக்குள். இருபது வருடத்தில் இரண்டு முறை அந்தக் குழாய்களை அடியோடு மாற்றியும் ஆகிவிட்டது. பண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டில் மட்டும், அதைக் கட்டிய வருடம் போட்ட இரும்புக் குழாயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான்.

அந்த வீட்டுக்காரி சௌந்திரம். குணசீலனின் மனைவி, வயது ஐம்பத்து மூன்று. ஒரு நாள் மத்தியானம் குழாயைத் திறந்து கை நீட்டியவள், சுரீரென்று சுட்டதும் கையை உதறிக்கொண்டு கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நானும் தெனம் ஒரு முட்டை போட்டாத்தான் இந்த ஊட்டுக் குழாயை மாத்துவீங்களா?"

குணசீலன் வயிறு குலுங்கச் சிரித்தார். பண்ணை ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குழாயை மாற்றவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். வீட்டுக்குள் கஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது தானாகவே சரியாகிவிடும் என்று நம்புகிற எத்தனையோ நல்ல ஆண்களில் ஒருவர், அவ்வளவுதான்.

சூடாவது பரவாயில்லை, மத்தியானத்தோடு போய்விடும். அந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். வருடக்கணக்கில் உப்புப் படிந்து படிந்து குழாய் உள்ளேயே அடைத்துவிட்டது. கீழ் வீட்டில் ஏதோ சமாளிக்கலாம். மாடிக் குளியலறையில் திருகினால் நூல் போலத்தான் வரும். ஒரு வாளி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். விருந்தாளிகளுக்கென்று இருந்தது அந்த மாடி அறைதான். மற்ற விருந்தாளிகளைக் கீழேயே குளிக்கச் சொல்லிவிடுவாள். அண்ணன் வெள்ளியங்கிரியை அப்படிச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் குழாயே அண்ணன் கொடுத்த சீர்.

அப்பா போனபோது சௌந்திரத்துக்கு வயது பதினொன்று. மேச்சேரியில் ஆடும் காடுமாக இருந்த குடும்பத்தை அண்ணன்தான் தூக்கி நிறுத்தினார். அவர் காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். அவர் நீட்டிய சொத்துப் பத்திரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அதற்காக அவர் அவளை ஏமாற்றினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த நல்லது கெட்டதுக்கும் கை நிறையக் கொண்டுவந்து நிற்கிறவர். தங்கை புது வீடு கட்டியபோது, "இதுல ஓடற தண்ணி என்ற குழாய்லதான் ஓடோணும்" என்று நின்று, வீடு முழுவதுக்கும் ஜி.ஐ. என்று எல்லாரும் சொல்கிற இரும்புக் குழாயை இறக்கினார். அப்போது அதைவிடப் பெருமையான குழாய் கிடையாது.

அது அடைத்துப்போனதைச் சௌந்திரம் அவரிடம் சொல்லவே இல்லை. அண்ணன் வருகிறார் என்றால், கீழ்த் தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு, பத்தொன்பது படி ஏறி மாடி டிரம்மை நிரப்பி வைப்பாள். ஆறு குடம். முழங்கால் தேய்ந்துவிட்டது, ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் ஏறினாள். அண்ணன் தாராளமாகக் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே இறங்கி வருவார். "பாத்தீங்களா மாப்ள, எப்பவோ போட்ட குழாய்! தண்ணிக்குக் கொறையுண்டா?" என்பார். குணசீலன் தலையாட்டுவார். சௌந்திரம் சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பாள். இப்படியே பன்னிரண்டு வருடம் போயிற்று.

மகள் சௌந்தர்யாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீடு அயோத்தியாப்பட்டணம். சம்பந்தி வீட்டார் வந்து மாடியில் தங்குவார்கள் என்றதும்தான் குணசீலனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் பட்டது. வெந்நீருக்கு மொட்டை மாடியில் சோலார் வைப்பது, குழாய் முழுவதையும் மாற்றுவது என்று இறங்கிவிட்டார். சேலத்திலிருந்து பெனடிக்ட் என்ற பிளம்பர் வந்தார். மாடிக்குப் போகும் குழாயில் ஒரு சாண் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் தற்காலிகமாக ரப்பர் குழாயைச் செருகிவிட்டு, அறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனா ரீஃபில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது.

"இத வெச்சிக்கிட்டு எப்படிக்கா இத்தன நாள் குடும்பம் நடத்துனீங்க?" என்றார்.

அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சௌந்திரம் காப்பி வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஆண்கள் இருவரும் எந்தக் குழாய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பண்ணையில் இருக்கிற வெள்ளை பி.வி.சி. போதும் என்றார் குணசீலன்.

"பண்ணையில அது நெழல்ல ஓடுதுங்க. இங்க மேற்குச் சுவரு, நாள் பூரா வெயில். சோலார்ல இருந்து வர்ற வெந்நீ வேற. வெள்ளைக் குழாய் தாங்காது" என்றார் பெனடிக்ட். "சூடு தாங்கணும்னா சி.பி.வி.சி. போடுங்க. அதையும் வெயில்ல அப்படியே விடக்கூடாது, சுவத்துக்குள்ள பதிச்சிடலாம். மொட்ட மாடியில மேல சுத்திப் பெயிண்ட் அடிச்சிடலாம். மறுபடியும் ஜி.ஐ. மட்டும் வேணாம். இந்தத் தண்ணிக்கு அது ஆகாது."

இரண்டிலும் ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார். குணசீலனுக்கு நம்பிக்கை வரவில்லை. விலை கூடிய சரக்கை விற்கப் பார்க்கிறான் என்றார். சௌந்திரம் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இரண்டு துண்டையும் உள்ளே போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிடுக்கியால் எடுத்து அழுத்தினாள். வெள்ளைத் துண்டு வெந்த முருங்கைக்காய் போல நசுங்கியது. சந்தன நிறத்தில் இருந்த சி.பி.வி.சி. அசையவில்லை. இரண்டையும் தட்டில் வைத்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கணவர் முன்னால் நகர்த்தினாள். குணசீலன் பார்த்தார். "செரி, அதையே போட்டறலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணனிடமிருந்து போன்.

"அம்மிணி, குழாய் மாத்தறீங்கன்னு மாப்ள சொன்னாரு. நானிருக்கயில அவரு எதுக்கு வாங்கோணும்? அதே ஜி.ஐ., நல்ல கனமானதா சொல்லிப்போட்டேன். புள்ளைக்குத் தாய்மாமன் சீரு. ஞாயித்துக்கெழம வண்டியோட வாரேன்."

"செரிங்ண்ணா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் மீதே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"வர்றத ஏத்துக்க. மச்சான் மனசு நொந்துட்டா, மணவறைல தாய்மாமனுக்கு யாரக் கொண்டாந்து நிறுத்தறது?" என்றார் குணசீலன். அதுவும் நிஜம்தான். தாய்மாமன் வராத கல்யாணத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சௌந்தர்யா பிறந்த நாளிலிருந்து மாமன் மடியில் வளர்ந்தவள். அண்ணன் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் தன் மகள் முகம் எப்படி வாடும் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். அந்தக் குழாயை வாங்கிக்கொண்டால், இன்னும் சில வருடத்தில் மறுபடி குடத்தைத் தூக்கப்போவது யார் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழக்கத்தில் குடத்தை எடுத்தாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அன்று மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

பத்து மணிக்கு டெம்போ வந்தது. குழாய்க் கட்டுகளின் முனையிலெல்லாம் மஞ்சள் குங்குமம். மேலே ஒரு தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும். வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டியில் முன்சீட்டிலிருந்து இறங்கினார். அறுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்த உடம்பு. அவரைப் பார்த்ததும் சௌந்திரத்துக்கு வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, இந்தக் குழாய் வேண்டாங்ண்ணா."

வெள்ளியங்கிரிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்றிருந்தது. "என்ன சாமி சொன்ன?"

"இரும்புக் குழாய் வேண்டாங்ண்ணா. வேற போடறோம்."

குழாய்க்கு அளவெடுக்க வந்திருந்த பெனடிக்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோழிக்குத் தண்ணீர் போகிறதா பார்க்க வேண்டும் என்று குணசீலன் மெல்ல நழுவினார். வெள்ளியங்கிரியின் முகம் கறுத்தது.

"சீரு கொண்டாந்தவன வாசல்ல நிறுத்தி வேண்டாங்கறயா? அப்பறம் கல்யாணத்துக்கு மட்டும் நானெதுக்கு? இத்தன வருசமா என்ற குழாய்தான இந்த ஊட்டுல ஓடுது! நான் வார அன்னைக்கெல்லாம் டிரம்மு தளும்பத் தளும்ப இருக்குதே, ஒருநாளு கொறைஞ்சுதா?"

"அது குழாய்ல வந்த தண்ணி இல்லீங்ண்ணா. நான் சொமந்து ஊத்துனது."

அவர் நம்பவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிப் போனார். கீழே நின்றவர்களுக்குக் குழாய் திருகும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் ஆனதும் சௌந்திரம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

காலி டிரம்முக்குப் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டியிருந்தார். அந்தக் கை இன்னும் நிறையவில்லை.

"எத்தன வருசமா?"

"பன்னெண்டு இருக்குமுங்ண்ணா."

"இந்தக் காலோடயா?"

சௌந்திரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ற கிட்ட ஏஞ் சொல்லல?"

"நீங்க குடுத்ததுங்ண்ணா. அத எப்படிங்ண்ணா நான் கொறை சொல்லுவேன்?"

வெள்ளியங்கிரி குழாயை மூடினார். எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபோது அது வியர்வை மட்டும் இல்லை. அண்ணன் அழுது சௌந்திரம் பார்த்ததில்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. அவளுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. வருத்தத்தைவிட அதில் ஆறுதல்தான் அதிகம்.

குழாய்க் கட்டுகள் வந்த வண்டியிலேயே மேச்சேரிக்குத் திரும்பின. ஆட்டுப்பட்டிக்கு அடைப்புப் போட உதவும் என்றார் வெள்ளியங்கிரி. மறுநாள் காலையில் தங்கையைக் கூட்டிக்கொண்டு நாமக்கல்லில் ஒரு பெரிய குழாய்க் கடைக்குப் போனார். வேட்டியும் மீசையுமாக வந்து நின்றவரைப் பார்த்ததும் கடைக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார்.

"சொல்லுங்க ஐயா, என்ன குழாய் பாக்கறீங்க?"

"சீருதான் என்னுது" என்றார் வெள்ளியங்கிரி. "தண்ணி சொமந்தது அவ. அவளக் கேளுங்க."

கடைக்காரர் சௌந்திரத்தின் பக்கம் திரும்பினார்.