ஆஸ்பத்திரிக்குப் போற படிமுறை

கனடாவில, ஸ்காபரோவில ஒரு ஹைஸ்கூலில பத்தாம் வகுப்புக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறன். மெஷினைத் தொட முதல் யோசிக்கப் பழகவேணும் எண்டது என்ர பிடிவாதம். அதால முதல் வேலை எப்பவும் இதுதான்: வீட்டில நீங்கள் செய்யிற ஒரு வேலையை, முன்பின் தெரியாத ஒருத்தர் வாசிச்சுச் செய்யிற மாதிரிப் படிப்படியா எழுதுங்கோ. 'இப்பிடியெண்டால் இது, இல்லாட்டி அது' எல்லாம் வரவேணும்.

அனேகமான பிள்ளையள் நூடில்ஸ் அவிப்பினம். வாசிச்சு வாசிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. போன வருசம் ஒரு தமிழ்ப் பிள்ளை, வகுப்பில வாயே திறவாதவள், அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்க்கிறதை எழுதியிருந்தாள். எங்கட வீடுகளில அது பிள்ளையளின்ர வேலைதானே. அவளின்ர படிகள் இதுதான்: டொக்டர் நல்லது சொன்னால் அப்பிடியே சொல்லு. கூடாத செய்தியெண்டால் அம்மாவின்ர முகத்தைப் பார். களைச்சிருந்தால், 'மருந்தை மாத்தப் போகினமாம்' எண்டு மட்டும் சொல்லு.

அம்மாடி, என்ன மூளை எண்டு நினைச்சன். உண்மையிலயே ஒரு நோயாளித் தாய் இருக்கிறா எண்டு இந்த யோசிக்கப் படிப்பிக்கிறவளுக்கு ஓடேல்லை.

பெற்றாரைச் சந்திக்கிற நாளில தாய் தனிய வந்தா. இங்கிலிஷ் பிடிபடாத மனுசி. என்ர தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துபோச்சு.

"என்ர பிள்ளை படிக்கிறாளோ, ரீச்சர்?"

"படிக்கிறாளோவோ? இதைக் கேளுங்கோ!" எண்டு அந்தத் தாளை எடுத்துத் தமிழில வாசிச்சன். எனக்கு அவ்வளவு புளுகம், பெருமை. முடிச்சிட்டு நிமிர்ந்தால் மனுசி விரல் மடிச்சு எண்ணுறா.

"இந்த வருசம் மூண்டு தரம் என்ர கான்சர் மருந்தை மாத்தினதெண்டு சொன்னவள்" எண்டா.

நுணலும் தன் வாயால் கெடும் எண்டுவினம். நான் இன்னொருத்தியின்ர வீட்டையெல்லோ கெடுத்தன்.

அடுத்த கிழமை வகுப்பு முடிஞ்சும் பிள்ளை போகாமல் நிண்டாள். மன்னிப்புக் கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினாள்.

"அம்மா இனி என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டாவாம், மிஸ். மொழிபெயர்க்க ஆஸ்பத்திரி இன்ரர்பிரற்றர் போதுமாம். நேற்றுப் போயிட்டு வந்து, எல்லாம் ஓகேயாம், மருந்தைத்தான் மாத்தப் போகினமாம் எண்டுறா." பிறகு அழத் தொடங்கினாள். "பட் மிஸ், இனி எனக்கு ஆர் உண்மையைச் சொல்லுறது?"