அலுமாரிக்குள் போன கொப்பி

கண்டியில் ஒரு துணிக்கடையில் பகல் முழுக்க நின்றபடியே விற்கும் கஜலட்சுமிக்கு, வீடு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஆனால் மகள் யதுர்ஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற கொப்பி முடிந்துவிட்டது. கடையில் கொப்பி விற்கிற விலைக்கு, புதிதாக வாங்குகிற பேச்சையே எடுக்க முடியாது.

போன வருடத்துக் கொப்பிகளில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்து, ஓரம் தட்டி அடுக்கி, உடுப்புக் கிளிப்பால் இறுக்கினாள். ஆணியால் துளை போட்டு, மெழுகுதிரியில் தேய்த்த நூலால் தைத்தாள். கோதுமை மாப் பசையால் முதுகில் துணித்துண்டு ஒட்டி, பிஸ்கட் பெட்டி அட்டையைப் போர்த்தி, காயும்வரை அரிசி வாளியைத் தூக்கி மேலே வைத்தாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது யதுர்ஷா வாசலிலேயே நின்றாள்.

"டீச்சருக்குக் கொப்பி ரொம்பப் புடிச்சிருச்சும்மா. எல்லாரும் பாக்கட்டும்னு கண்காட்சி அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க."

"அப்ப நீ எதுல எழுதுவ?"

"அம்மாவ இன்னொன்னு செஞ்சு தரச் சொன்னாங்க. ஒங்கள அவ்வளவு பாராட்டுனாங்கம்மா."

கஜலட்சுமி செருப்போடு கதிரையில் சரிந்தாள்.

"அந்தப் பாராட்டுல எழுதலாமான்னு கேட்டியா?" என்றாள். பிறகு, "ஊசிய எடுத்துட்டு வா."