பஞ்சுக் கடைக்கு நெருப்பு வைத்தவள்

அழகு நிலையத்தில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேகம் அப்படி, வாய் அதைவிட வேகம். அன்று உள்ளே நுழைந்த இரண்டு பெண்களைப் பார்த்ததும் அந்த வாய் அடைத்துப்போனது.

ஒருத்தி, ஒரு காலத்தில் அவள் அக்கா என்று கூப்பிட்ட பெரியவள். மற்றவள், பார்வை மங்கிப்போன வளர்ப்புத் தாய். ஆதரவற்ற இரண்டு சிறுமிகளை இல்லத்திலிருந்து கூட்டிவந்து, அக்கா தங்கை என்று சொல்லி வளர்த்தவள். வீட்டு வாசலை ஒட்டிய பஞ்சுக் கடையில் பெரியவள் தீக்குச்சி உரசி விளையாட, கடை எரிந்து சாம்பலானது. "தங்கச்சிதான் வச்சா" என்று அவள் கைகாட்டிவிட்டாள். மறுநாளே சின்னவளைத் திரும்ப இல்லத்தில் விட்டுவிட்டார்கள். அந்தச் சின்னவள்தான் கத்திரி.

வந்தவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பெரியவள் தலைக்குச் சாயம் பூசச் சொல்லி நாற்காலியில் சாய்ந்தாள். எத்தனை வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள் கத்திரி! இப்போது அந்தத் தலையே கைக்குள் வந்திருந்தது. பாதிச் சாயம் பூசும்வரை பொறுத்துக்கொண்டாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

"பஞ்சுக் கடைக்கு நெருப்பு வச்சது யாருன்னு அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

கண்ணாடியில் பெரியவளின் முகம் வெளுத்தது. "நீயாடி?"

"நானேதான். சத்தமா சொல்லு."

பெரியவள் கிழவி பக்கம் திரும்பினாள். "அம்மா, அன்னைக்கு நெருப்பு வச்சது நான்தாம்மா. அவ இல்ல."

கிழவி அசரவே இல்லை. "இப்ப எதுக்குடி அது? அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் பாவாடைதானே ஓரம் கருகிக் கிடந்துச்சு."

"தெரிஞ்சுமா சின்னவள அனுப்புனீங்க?" என்றாள் கத்திரி.

"ஒருத்திய அனுப்பியே ஆகணும்னு எங்க வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நின்னாரு. பெரியவ வீட்டு வேலைக்கு ஆவா. அந்தப் பொடிச வச்சு என்ன பண்றது?"

கல்யாணம்கூட வேண்டாமென்று கிழவிக்கே உழைத்துக் கொட்டியவள் பெரியவள். மேலே போர்த்தியிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு, பாதி கறுப்பும் பாதி நரையுமாகத் தெருவில் இறங்கி நடந்தாள்.

"எங்கடி போற?" என்று கிழவி காற்றில் கை துழாவினாள். "இங்க யாரும்மா இருக்கீங்க?"

"அந்தப் பொடிசுதான்."

நீட்டிய கைக்கு எட்டாமல் கத்திரி தள்ளி நின்றுகொண்டாள். தகவல் தெரிந்து பக்கத்து வீட்டுக்காரி வந்து கூட்டிப்போகும்வரை கிழவி அழுதாள். கேட்கக் கேட்கக் கத்திரிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் கையில் ஒரு துணிப்பையோடு பெரியவள் வந்து நின்றாள். "என்ன மன்னிப்பியா?"

"மாட்டேன். உக்காரு, தலை பார்க்கச் சகிக்கல."

மிச்சச் சாயத்தைப் பூசி முடித்தாள். சீப்பை மட்டும் தேவைக்கு மேலேயே அழுத்தி இழுத்தாள். பெரியவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.